அரோமாட்டிக்கம்

"லா இலாஹ இல்லல்லாஹ்," என்றார் பள்ளிவாசல் இஸ்ஸதீன் லெப்பை, கச்சு முகம்மதுவின் காதருகே குனிந்து.

ஜெமீல் ஈரப் பஞ்சை மாமனாரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. அறையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஸ்பிரிட்டுஸ் அமோனியே அரோமாட்டிக்குஸ்," என்றார் கச்சு முகம்மது, தெளிவாக.

பிடித்த மூச்சை எல்லோரும் விட்டார்கள்.

மூன்று நாளாக இதுதான் நடக்கிறது. திங்கட்கிழமை கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே சரிந்தார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. டொக்டர் வந்து பார்த்து, "வீட்டிலேயே வச்சிருங்கோ" என்றார். அதன் அர்த்தம் முல்லைத்தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெற்ற மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் என்று கேட்கத் தெரியவில்லை. பேச்சு என்று மிஞ்சியிருந்தது அரசாங்க டிஸ்பென்சறியில் முப்பத்திரண்டு வருஷம் மருந்து கலந்தபோது கையில் எடுத்த போத்தல்களின் பெயர்கள் மட்டும்.

"அஞ்சு நேரம் தொழுத மனுசன்," என்றா அவருடைய மூத்த சகோதரி சரீபா, முக்காட்டை இழுத்துவிட்டபடி. "உயிர் பிரியுற சக்கறாத்து நேரத்தில நாக்கில வந்து குந்தியிருக்கிறது வெள்ளைக்காரன்ர மருந்தோ? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் கதைக்கட்டும் மாமி," என்றான் ஜெமீல். "ஆரார் எந்தச் சரக்கை வித்தமோ அதுதான் கடைசியில வாயில வரும். எனக்கு அந்த நேரம் 'இந்த விலைக்குக் கட்டாது நானா, கட்டாது' எண்டுதான் வரும்."

அவன் மனைவி ஸாலிஹா தலையை உயர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். அவன் பஞ்சை மறுபடி தண்ணீரில் தோய்த்தான்.

அந்தப் பார்வையில் இருந்தது அவனுக்குத் தெரியும். அவளுடைய உம்மா நாச்சியா ஆறு வருஷத்துக்கு முன் குசினியில் மாவரித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டா. பக்கத்தில் ஸாலிஹா மட்டும்தான் இருந்தாள். சாகிறவர் வாயில் கடைசியாக வரவேண்டிய கலிமாவைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள், "உம்மா, உம்மா" என்று கத்திக்கொண்டே நேரத்தைத் தொலைத்துவிட்டாள். உம்மா ஒன்றும் சொல்லாமல் போனா. அதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. திங்கட்கிழமை இரவு அவனிடம் ஒரு வரி சொன்னாள். "வாப்பாவும் அப்பிடிப் போகக் கூடாது."

லெப்பை மறுபடி குனிந்தார். "லா இலாஹ இல்லல்லாஹ்."

"ஸ்பிரிட்டுஸ் அமோனியே அரோமாட்டிக்குஸ். பல்விஸ் கிறேற்றே அரோமாட்டிக்குஸ்..."

"லா இலாஹ..."

வாய் நின்றது. இடக்கை காற்றில் எதையோ தேடியது. பிறகு முதலிலிருந்து, "ஸ்பிரிட்டுஸ் அமோனியே அரோமாட்டிக்குஸ்."

ஜெமீலின் வாப்பா கச்சேரியடிச் சந்தையில் துணி விரித்து விற்றவர். 'மாட்டன்' என்று ஒருவன் சொன்னால் அதுதான் விலையின் தொடக்கம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர். அந்தப் பாடத்தோடு ஜெமீல் இந்த ஊர்க் கடைத்தெருவில் பத்து வருஷம் வென்றிருக்கிறான். தோற்றது இந்த ஒரு மனிதனிடம் மட்டும். மாமனாரின் 'மாட்டன்' மாட்டன்தான்.

முன் அறையில் நின்ற அலுமாரியில் தொடங்கியது அந்தத் தோல்வி. அவர் ஓய்வுபெற்ற வருஷம் டிஸ்பென்சறிக்குப் புதுப் போத்தல்கள் வந்தன. கழித்துவிட்ட பழையவற்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று தட்டு, தட்டுக்கு ஒன்பது. எல்லாம் வெறும் போத்தல். கண்ணாடி மூடி, மஞ்சள் பூத்த லேபல், லேபலில் லத்தீன். ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து, பெயரைச் சொல்லி, துடைத்து வைப்பார். போன வருஷம் கண்ணில் புரை விழுந்த பிறகும் தடவித் தடவிச் செய்தார்.

"மாமா, நல்ல தடிச்ச கண்ணாடி," என்று ஜெமீல் ஒருநாள் தொடங்கினான். "கடையில அத்தர் விட்டு வச்சா எடுப்பா இருக்கும். சும்மா காத்தைத்தானே அடைச்சு வச்சிருக்கிறீங்கள்."

"பேர் எழுதின போத்தலில வேற சரக்கு விடக் கூடாது."

"பேரைக் கழட்டிப் போட்டு விடுவம்."

"அப்ப அதுக்குப் பேர் போத்தல் இல்லை. களவு."

கதை அதோடு முடிந்தது.

அந்தப் பெயர்களைப் பற்றியும் அவன் ஒருமுறை கேட்டிருக்கிறான். கலியாணம் முடித்த புதிது. இருபத்தேழு போத்தலில் எட்டுக்கு ஒரே அடைமொழி. ஆனால் அது ஒரு இடத்தில் 'குஸ்' என்று முடிகிறது, ஒரு இடத்தில் 'கா', இன்னொரு இடத்தில் 'கம்'.

"என்ன மாமா, ஒரே சொல்லு மூண்டு வாலோட திரியுது?"

அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் அவன் கண்டான். "முன்னால நிக்கிற பேரைப் பாத்து வால் மாறும். ஸ்பிரிட்டுஸ் ஆம்பிளை, அதுக்கு அரோமாட்டிக்குஸ். டிங்க்சூரா பொம்பிளை, அரோமாட்டிக்கா. அசிடம் ரெண்டுமில்லை, அரோமாட்டிக்கம். வாசம் சேத்தது எண்டு அர்த்தம். கசப்பை விழுங்கப் பண்ணுறதுக்குக் கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய். லத்தீன்காரன்ர சொந்தச் சொல்லுமில்லை. கிரேக்கனிட்ட எடுத்து, தன்ர அளவுக்கு வெட்டித் தைச்சுக்கொண்டான்."

"அப்ப சரக்கு எங்கட பக்கத்துது, பேர் கிரேக்கன்ர, தையல் லத்தீன்காரன்ர. நடுவில நிண்டவன்தான் கெட்டிக்காரன்." ஜெமீலுக்குத் தன் தொழிலின் வாசனை அடித்தது. "சரி, வாலை மாத்திச் சொன்னா மருந்து வேலை செய்யாதோ?"

"மருந்து வேலை செய்யும்," என்றார் கச்சு முகம்மது. "நான் வேலை செய்யேல்ல எண்டு அர்த்தம்."

இப்போது மதிய லுஹர் தொழுகை முடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. யன்னலால் ஊரை ஒட்டிய களப்பின் உப்புக் காற்றும் காயப்போட்ட கருவாட்டு மணமும் வந்தன. மூச்சு தொண்டைக்குழியில் ஏறி இறங்குவது தெரிந்தது. "பின்னேரம் அஸர் தொழுகையைத் தாண்டுறது கஷ்டம்," என்று லெப்பை மெல்லச் சொன்னார்.

ஸாலிஹா வாப்பாவின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சும்மா துழாவவில்லை. எதையோ பிடித்தது, சற்றுச் சரித்தது, நிமிர்த்தியது, வைத்தது. அடுத்ததற்கு ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்தது.

"லெப்பை," என்றாள் திடீரென்று. "கொஞ்ச நேரம் சொல்லாதேங்கோ."

"என்ன மகள்?"

"கலிமாவைச் சொல்லிக் குடுக்காதேங்கோ."

சரீபா மாமி நெஞ்சில் கையை வைத்தா. "யா அல்லாஹ்! என்ன சொல்லுறாய் பிள்ளை?"

"வாப்பா அலுமாரியை எடுத்து வைக்கிறார் மாமி. மேல் தட்டு, இடது பக்கத்தில இருந்து. நாங்க குறுக்க பேச, விட்ட இடம் மறந்து போகுது, திரும்ப முதல்ல இருந்து தொடங்குறார். மூண்டு நாளா நாங்கதான் அவரை முடிக்க விடேல்ல." அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். "கடைசிப் போத்தலை வச்சு அலுமாரியைப் பூட்டேக்க வாப்பா என்ன சொல்லுறவர்?"

மாமிக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலேரியா வந்து கிராமம் கிராமமாக வாரிக்கொண்டு போன வருஷத்தில் பழகிய பழக்கம் அது. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வெறும் போத்தலோடு நடந்து வந்து வரிசையில் நின்றவர்களுக்குக் கலந்து ஊற்றிவிட்டு, பின்னேரம் நச்சு மருந்துகளும் இருக்கிற அலுமாரியைப் பூட்டும்போது, இன்றைக்கு என் கையால் யாரும் சாகவில்லை என்ற நிம்மதியில், நாளைக்கு நான் இருப்பேனோ என்ற பயத்தில், சாவியைத் திருப்பிக்கொண்டே கலிமாவைச் சொல்வார். சொல்லாமல் ஒருநாளும் பூட்டியதில்லை.

"இருபத்தேழு போத்தல்," என்றா மாமி. "அதுக்கிடையில மூச்சுப் போனா?"

எல்லோரும் லெப்பையைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவினார்.

"வருத்தக்காரனை நெருக்கக் கூடாதெண்டு மார்க்கக் கிதாபில இருக்கு," என்றார் கடைசியில். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். நாங்க அறபில ஓதினதும் இப்பிடித்தான். பேருக்குப் பின்னால அதின்ர குணத்தைச் சொல்லுற சொல்லு வரும். பேர் ஆணெண்டா அதுவும் ஆண், பெண்ணெண்டா அதுவும் பெண். நான் ஓதி முப்பது வருஷம், இப்பவும் தடுமாறும். இந்த மனுசனுக்குப் பாதி உடம்பு செத்துப் போச்சு, ஒரு இடத்திலயும் பிழைக்கேல்ல." அவர் கட்டிலை விட்டுச் சற்று விலகி உட்கார்ந்தார். "ஓதட்டும்."

மௌனம் விழுந்ததும் கிழவர் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் கை பிடித்தது, சரித்தது, வைத்தது. ஐந்தாவதில் மூச்சு நின்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தது. ஜெமீல் கணக்குப் போட்டான். இந்த வேகத்தில் இரண்டாம் தட்டே அதிகம்.

அவன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். "மாமா, அடுத்தது முடிஞ்சுது. கையிருப்பில்லை. அதை விட்டிட்டு அங்கால போங்கோ."

கை நடுவானில் நின்றது. புரை விழுந்த கண் பாதி திறந்தது.

"இண்டென்ற்," என்றார் கச்சு முகம்மது.

"என்ன?"

"தட்டுப்பாடெண்டா எழுதி அனுப்ப வேணும்," என்றாள் ஸாலிஹா. "எழுதாம நகர மாட்டார். எழுதுங்கோ!"

ஜெமீல் சட்டைப்பையில் இருந்த கடைத் துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினான். எழுதும் சத்தம் நிற்கும்வரை கை அசையவில்லை. மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நிமிஷம் நட்டம்.

"உங்கட கெட்டித்தனத்தைக் கொஞ்சம் கட்டி வையுங்கோ," என்ற ஸாலிஹா எழுந்து போய் அலுமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். ஏழாவது போத்தலை எடுத்துவந்து வாப்பாவின் கையில் வைத்தாள். விரல்கள் அதைச் சுற்றி மூடின. பெயர் வந்தது. கை விட்டது. காற்றைப் பிடிப்பதைவிடக் கண்ணாடியைப் பிடிப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

அதன்பிறகு யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஸாலிஹா எடுத்துக் கொடுத்தாள், ஜெமீல் கையில் வைத்தான், லெப்பை வாங்கினார், சரீபா மாமி பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தா. மேல் தட்டு முடிந்தது. இரண்டாம் தட்டு நடந்தது. ஜெமீல் கடைத்தெருவில் வளர்ந்தவன். ஒரு மனிதனின் கையைப் பார்த்து அவன் எதைத் தொழிலாகச் செய்தான் என்று சொல்லிவிடுவான். இப்படி ஒரு கையை அவன் பார்த்ததில்லை. கண் இல்லை, பாதி மூளை இல்லை, மகளின் பெயர் இல்லை. ஆனால் ஆணுக்கு ஆண் வால், பெண்ணுக்குப் பெண் வால். 'டிங்க்சூரா' என்று தொடங்கியதும் ஜெமீலின் மனம் 'கா' என்று முந்திக்கொண்டது. அவர் 'அரோமாட்டிக்கா' என்றார்.

மூன்றாம் தட்டின் முதல் போத்தல். இரண்டாவது. மூன்றாவதைக் கொண்டுவந்து ஸாலிஹா நீட்டியபோது ஜெமீல் வாங்கத் தயங்கி, வாங்கி, கையில் வைத்தான்.

"அசிடம் சல்பூரிக்கம்..." என்றார் கச்சு முகம்மது. கை அந்தப் போத்தலைச் சுற்றியது. பெருவிரல் பக்கவாட்டில் ஒருமுறை வழுக்கியது. இன்னொருமுறை வழுக்கியது. விரல்கள் விரிந்தன. போத்தல் படுக்கையில் உருண்டது.

"வாப்பா, இந்தாங்கோ," ஸாலிஹா மறுபடி வைத்தாள். கை வாங்கவில்லை. திறந்த உள்ளங்கை அப்படியே காத்திருந்தது.

அமிலம், நஞ்சு ஊற்றும் போத்தல்களுக்கு வெளிப்பக்கம் வரி வரியாகப் புடைப்பு இருக்கும். இருட்டில் எடுத்தாலும் விரலுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. கையில் வைத்த போத்தல் வழவழவென்று இருந்தது. ஆறு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, மாமனார் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், ஜெமீல் லேபலை ஆவியில் காட்டிக் கழற்றி இன்னொரு போத்தலில் ஒட்டி வைத்திருந்தான். வரி போட்ட போத்தல் கடைக் கண்ணாடிப் பெட்டியில், காயல்பட்டினத்துச் சந்தன அத்தரோடு, பார்க்க மிக எடுப்பாக நின்றது.

"ஸாலிஹா," என்றான். "அது... நான் மாத்தினனான். கடையில இருக்கு."

சரீபா மாமியின் வாய் திறந்தது. ஸாலிஹாவுக்கு ஆச்சரியம் வரவில்லை. எதையோ இப்போதுதான் விளங்கிக்கொண்டவள் போல அந்த வழவழப்பான போத்தலைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா இந்த ஒண்டை மட்டும் வாப்பா துடைக்கிறேல்ல," என்றாள். "கையில எடுப்பார். பேர் சொல்லாம வச்சிடுவார். ஏனெண்டு கேட்டன். 'இருக்கட்டும்' எண்டார்."

ஜெமீல் வெளியே ஓடி சைக்கிளை எடுத்தான்.

கடைத்தெரு தூரமில்லை. ஆனால் மணல் ஒழுங்கையில் சில்லுப் புதைந்தது. பக்கத்துக் கடைப் பரமலிங்கம், "மாமா எப்பிடி?" என்று கேட்டதற்கு அவன் நிற்கவில்லை. ஆறு மாதம், ஒவ்வொரு காலையும், அந்தப் பெருவிரல் வழுக்கியிருக்கிறது. அதே காலைகளில் அதே கிழவர் சாப்பாட்டுப் பாயில் அவனுக்கு எதிரே இருந்து, "புட்டுக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ போடுங்கோ தம்பி," என்று சொல்லியிருக்கிறார். களவு என்ற சொல்லை இரண்டாவது முறை சொல்லவேயில்லை.

போத்தலை மடியில் கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் சைக்கிளைச் சரித்தபோது மூடியைத் திறந்தான். அத்தர் பாதிக்கு மேல் இருந்தது. வேறு பாத்திரம் தேடினால் கிடைக்கும். குசினிக்குள் போனால் போதும். அவன் போகவில்லை. படலைக்கும் வாசற்படிக்கும் நடுவில், நின்ற இடத்திலேயே, அவ்வளவையும் மணலில் கவிழ்த்தான். கிணற்றடி வாளித் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு உள்ளே ஓடினான்.

உள்ளங்கை இன்னும் திறந்தே இருந்தது. ஸாலிஹா முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் யாசீன் சூரா முழுவதும் ஓதலாம் போலிருந்தது. ஜெமீல் போத்தலை வைத்தான்.

பெருவிரல் வரிகளின் மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு வரியாக. மூக்கு விடைத்தது. அந்த ஒரு கணம், ஆறு மாதம் சொல்லாததை இப்போது சொல்லப் போகிறார் என்று ஜெமீல் நின்றான்.

"...அரோமாட்டிக்கம்," என்றார் கச்சு முகம்மது.

கை விட்டது.

மிச்சம் ஆறு. லெப்பையின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. இருபத்தைந்தாவதில் குரல் போய்விட்டது, உதடு மட்டும் பெயர் சொன்னது. இருபத்தேழாவதை அவர் பிடிக்கவில்லை. ஜெமீல் அவருடைய விரல்களைத் தன் விரல்களால் மூடிப் பிடித்தான். போத்தல் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. பிறகு அதையும் சரீபா மாமி வாங்கிக்கொண்டு போனா.

ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரம் கேட்டது. களப்பில் யாரோ ஒரு தோணிக்காரனின் கூப்பாடு கேட்டது.

ஸாலிஹா முன் அறைக்குப் போய் அலுமாரியின் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தினாள். இடது கதவு கிறீச்சிட்டது, என்றும் போல.

ஜெமீலின் கைக்குள் இருந்த மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. சாவி திருப்புகிற அளவுதான், அதற்குமேல் ஒரு நூல் இல்லை. அதோடு கலிமா வந்தது. போய்விட்டதென்று நினைத்த குரலில், முழுசாக, அவசரமில்லாமல், நாளைக் காலை வந்து திறக்கப் போகிறவர் சொல்வதுபோல.

அடுத்த மூச்சுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். வெளியே அஸர் பாங்கு கேட்டது. லெப்பை குனிந்து கண்களைத் தடவி மூடினார்.

அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஸாலிஹா நின்றாள். "கேட்டனீங்களோ?" என்றாள்.

"ஓம்," என்றான் ஜெமீல். அவனுடைய கை இன்னும் அந்தத் திருப்பத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன் கால் ஜெமீலின் தோளில். வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்கு இறங்கியதும் பனியில் நனைந்திருந்த மணல் நாற்பது ஐம்பது பேரின் வெறுங்கால்களுக்குக் கீழே கிளறப்பட்டது. சந்தனம் எழுந்தது. படலைவரை வந்தது. படலையைத் தாண்டி ஒழுங்கை நெடுக, கருவாட்டுப் பந்தல்களையும் கடந்து, கூடவே வந்தது.

"சுபுஹானல்லாஹ்," என்றார் பின்னால் யாரோ. "எங்க இருந்து இந்த வாசம்?"

"ஜனாஸாவில இருந்துதான். நல்ல மனுசன்."

லெப்பை திரும்பி ஜெமீலைப் பார்த்தார். ஜெமீல் நேரே பார்த்து நடந்தான்.

பள்ளிவாசல் ஹவுள் தொட்டியடியில் எல்லோரும் வரிசையாகக் குந்தித் தொழுகைக்குக் கால் கழுவினார்கள். தண்ணீரும் மணத்தது. வெளி வாசலில் நின்ற பரமலிங்கம் அவன் காதோடு கேட்டார்: "உன்ர கடைச் சரக்கோ தம்பி? என்ன பேர் இதுக்கு?"

கேட்ட சரக்குக்குப் பெயரும் ஊரும் சொல்லாமல் ஜெமீல் யாரையும் அனுப்பியதில்லை. அவன் ஹவுளின் ஓரத்தில் போய்க் குந்தினான். ஒரு கை தண்ணீர் அள்ளினான். மற்றவர்கள் எழுந்து உள்ளே போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவன் தன் பாதங்களில் ஒட்டியிருந்த சந்தன மணலைப் பார்த்துக்கொண்டு, அள்ளிய தண்ணீரை ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தான்.